மங்கையர்க்கரசியின் மழை அட்டவணை

தூத்துக்குடி முத்துச்சாவடித் தெருவில் பதினொன்றாம் நம்பர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே மேகம் வந்து உட்கார்ந்தது ஆனி மூன்றாம் தேதி என்று தெரு முழுக்கச் சொல்லும், இல்லை நாலாம் தேதிதான் என்று எதிர்வீட்டுக் கனகமணி மட்டும் சண்டைக்கு வருவாள், ஏனென்றால் மூன்றாம் தேதி அவள் காயப்போட்ட வத்தல் மொறுமொறுவென்று காய்ந்ததாம், நாலாம் தேதி போட்டதுதான் நமுத்துப்போனதாம். நமக்கெதற்கு அந்த வம்பு. மூன்றோ நாலோ, வந்தது மேகம், அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி அந்த மாடிக்கு ஒரு சாண் கூடாமல் ஒரு சாண் குறையாமல் நின்றது, சுற்றிலும் ஊரெல்லாம் மேல்காற்று புழுதியை வாரி இறைத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, அந்த ஒரு மாடியில் மட்டும் சொட்டுச் சொட்டென்று, பிறகு சோவென்று, பிறகு நிற்கவே நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

அந்த வீட்டு மாடிப் போர்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் குடிவந்திருந்தார்கள் மூன்று பேர். மங்கையர்க்கரசி, அவள் புருஷன் பாலகுரு, ஏழு வயது மகள் மிருதுளா. சென்னைக்காரர்கள். மங்கைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்க்கிற வேலை, மேனேஜர் கிரெய்க் ஆஸ்திரேலியாவுக்கு நட்டநடுவில் ஒரு பாலைவன ஊரில் இருந்தான், டீமில் மற்ற எட்டுப் பேரும் அந்த ஊர்க்காரர்கள், அவர்கள் நேரத்துக்கு ஒத்துப்போக இவள் விடிந்தும் விடியாமலும் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். பாலகுரு இருந்த வேலையை விட்டுவிட்டான், பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மிருதுவுக்கு ஈரக்காற்று ஆகாது. ஈரம் பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய மூச்சை இழுத்து இழுத்து அது படுகிற பாட்டைப் பெற்றவர்கள் பார்க்கக்கூடாது. போன கார்த்திகையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது டாக்டர் மங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு மழைக்காலத்தை இந்த நுரையீரல் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா, காய்ஞ்ச ஊரா பாத்துப் போயிடுங்க" என்றார்.

வேலையை எங்கிருந்தும் செய்யலாம், மூச்சை எங்கிருந்தும் விட முடியாது என்று மங்கைக்கு அன்றைக்குப் புரிந்தது. உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டாள். அது சாதாரண அட்டவணை இல்லை. முப்பது வருஷத்து மழைக்கணக்கைத் தேடித் தேடி எடுத்து, மேலே ஊர்கள், பக்கவாட்டில் மாதங்கள், மழை வருகிற மாதத்துக்குச் சிவப்பு, வராத மாதத்துக்குப் பச்சை, பச்சையிலிருந்து பச்சைக்குத் தாவிக்கொண்டே போனால் வருஷம் முழுக்கப் பிள்ளை மேல் ஒரு தூறல் படாமல் சுற்றிவந்துவிடலாம் என்று அவள் கண்டுபிடித்த அன்று புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தையில் மதுரை, மாசி பங்குனியில் ராமநாதபுரம், சித்திரையிலிருந்து மறுபடி மதுரை, ஆனி பிறந்தால் மூன்று மாதம் தூத்துக்குடி. மலையின் மறைவில் இருக்கிற ஊர், அந்த மூன்று மாதம் அங்கே வானம் மறந்தும் ஒரு சொட்டுப் போடாது, போட்டால் உப்பு எப்படி விளையும்?

ஆனால் மதுரையில் தைமாதம் மழை பெய்தது. ராமநாதபுரத்தில் பங்குனி வெயிலில் மழை பெய்தது. மங்கை சளைக்கவில்லை, ஒவ்வொரு மழைக்கும் ஒரு காரணத்தை அட்டவணையின் ஓரத்தில் எழுதினாள், வங்கக்கடலில் காற்றழுத்தம், வளிமண்டலச் சுழற்சி, பருவநிலை மாற்றம் என்று. இரண்டு ஊரிலும் இருந்தது அடுக்குமாடியில். மழை ஊருக்குப் பெய்கிறதா தனக்கு மட்டும் பெய்கிறதா என்று மூன்றாம் மாடிக்காரருக்கு எப்படித் தெரியும், ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுப் பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கிறவளுக்கு எட்டிப்பார்க்க நேரம் ஏது.

அன்று காலையில் வீட்டுக்காரி டெல்பினம்மாள் கீழிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். "யம்மா, மாடித்தொட்டி நெறஞ்சு ஊத்துது, மோட்டார அமத்துங்க! தண்ணி என்ன வெலக்கி விக்குது தெரியுமா?"

பாலகுரு மாடிப்படியில் நனைந்தபடியே தலையை நீட்டினான். "மோட்டார் ஓடலைங்க. மழை."

"ஆனி மாசத்துல மழையா? எந்த ஊருல?"

"இந்த மாடியிலங்க."

டெல்பினம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். நடு மாடியில் போய் நின்றாள். தலை நனைந்தது, அண்ணாந்து பார்த்தாள், வாய்க்குள் இரண்டு சொட்டு விழுந்தது, சப்புக்கொட்டிப் பார்த்தாள். அப்புறம் இறங்கிப்போய்ச் சமையல்கட்டிலிருந்து நாலு குடத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அந்தத் தெரு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாத தெரு. அதனால் மேகத்தைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை, குடத்தைத்தான் பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்று பார்த்து எடுத்துவந்தார்கள். லாரித் தண்ணீருக்கு வைக்கிற மாதிரியே இதற்கும் வரிசை வைத்தார்கள், குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்தார்கள், வயசாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முன்வரிசை, கல்யாண வீட்டுக்கு முந்தினநாளே சொல்லி வைத்தால் ஒரு மணி நேரம் முழுசாக விட்டுத்தருவது என்றெல்லாம் நாலே நாளில் சட்டம் உண்டாகிவிட்டது. மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து பார்த்தார். தீர்த்தமாகத் தெளிக்கலாமா சாமி என்று கேட்டதற்கு, "முதல்ல கொதிக்க வச்சிக் குடிங்க, மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். ஒரு அதிகாரி வந்தார், மாடியில் நின்று பெய்கிற மேகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இந்தக் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி முறைப்படி இருக்கிறதா என்று அளந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். மைதீன் தன் பஜ்ஜி வண்டியை மேகத்தின் விளிம்புக்கு நேர்க்கீழே தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினான், மழையில் நின்று சூடாக வாழைக்காய் பஜ்ஜி தின்ன வேண்டும் என்று ஆனி மாத வெயிலில் ஊரின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் குடையோடு வந்தார்கள். முத்துச்சாவடித் தெரு என்ற பேரே மாறி, மழைத் தெரு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும் என்றாகிவிட்டது.

கனகமணிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். "மழன்னா எனக்கு வயித்தெரிச்சல்தான். பாத்தில ஒரு மழ விழுந்தா ஒரு மாச வேல கரஞ்சிரும். உங்க மழய உங்க வீட்டோட வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு தன் குடத்தையும் வரிசையில் வைத்தாள். தண்ணீர் தண்ணீர்தானே.

தெரு இப்படி நனைந்து மகிழ்ந்துகொண்டிருக்க, மாடி வீட்டுக்குள் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. தலையணையில் பூசணம் பூத்தது. நாலாம் நாளே மிருதுவின் நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்தது. மங்கை ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறு காதைப் பிள்ளையின் முதுகில் வைத்துக் கேட்டாள், மீட்டிங்கில் அவள் பேசுகிற முறை வரும்போது மட்டும் மைக்கைத் திறப்பாள், பேசி முடித்ததும் மியூட்டில் போடுவாள், இல்லாவிட்டால் நெபுலைசர் சத்தமும் மழைச் சத்தமும் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிற சத்தமும் சேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போகும். கிரெய்க் நல்ல மாதிரி. பத்து வருஷமாகச் சொட்டு மழை பார்க்காத தங்கள் ஊரில் இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று தரம் தூறுகிறது என்றும், அதிலும் மங்கை ரிப்போர்ட் வாசிக்கிற நாளில்தான் பெய்கிறது என்றும், அவள் வாய் முகூர்த்தம் அப்படி என்கிற அர்த்தத்தில் அவன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். மங்கையும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

வேறு வீடு பார்த்தார்கள். அந்த மேகத்துக்குச் சொந்தக்காரர்களை விட்டுவிடத் தெருவுக்கு மனசு வருமா? திட்டவில்லை, தடுக்கவில்லை, அன்பாலேயே கட்டிப்போட்டார்கள். ஒருத்தி கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள், ஒருத்தி தூதுவளை ரசத்தோடு வந்தாள், டெல்பினம்மாள் தன் மகன் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது வாங்கிய ஸ்வெட்டரைத் தேடி எடுத்துவந்தாள், வீட்டுத் தரகரிடம் போய் அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு காட்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொன்னதும் அதே டெல்பினம்மாள்தான். கடைசியில் கனகமணிதான் மனசு கேளாமல், "பிள்ளய எங்க வீட்ல கொண்டாந்து விடுங்க. நம்ம வீட்ல செவுரு காஞ்சி கெடக்கு" என்றாள்.

மிருது எதிர்வீட்டுக்குப் போனது. முதல் நாள் விசில் குறைந்தது, இரண்டாம் நாள் ஓடி விளையாடியது. மங்கைக்கு அந்த இரண்டு நாளும் காலாண்டு முடிக்கிற வேலை, விடியலிலிருந்து பொழுது சாய்கிறவரை லேப்டாப்பை விட்டு எழ முடியாமல் ஜன்னல் வழியாகக் கையசைத்ததோடு சரி. மூன்றாம் நாள் மத்தியானம் வேலை முடிந்த கையோடு மகளுக்குப் பிடித்த ரசஞ்சாதத்தைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள், கதை சொன்னாள். அரைமணி நேரத்தில் மாடியில் குடம் வைத்திருந்தவர்கள் ஹோவென்று கத்தினார்கள். மேகம் நகர்ந்துவிட்டது. தெருவுக்குக் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய்க் கனகமணி வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து பொழிந்தது. கனகமணியின் வத்தல் மறுபடி நமுத்துப்போனது.

"பிள்ளைக்குப் பின்னாலயே போகுது பாத்தியளா!" என்றாள் டெல்பினம்மாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பிள்ளை அங்கே போய் மூன்று நாள் ஆகிறதே, மேகம் ஏன் இன்றைக்குத்தான் போனது என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட, முப்பது வருஷ மழைக்கணக்கைக் கரைத்துக் குடித்த மங்கைக்கே தோன்றவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன.

அன்றிலிருந்து மிருதுவுக்குத் தெருவில் ராஜமரியாதை. கடைக்குப் போனால் கையில் மிட்டாய், கோயிலுக்குப் போனால் முன்வரிசை. மழைக்காரி வாரா, வழிவிடுங்க என்பார்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் நெபுலைசர் மாஸ்க்கை முகத்திலிருந்து தானே கழற்றிவிட்டுக் கேட்டது.

"அம்மா, மழை என்னாலதான் வருதா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மூச்சு முட்டுறதுக்கு நானேதான் காரணமாம்மா?"

மங்கை பிள்ளையின் தலையைக் கோதினாள். மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டாள். ஏழு வயசில் ஒரு பிள்ளை தன் மூச்சுக்குத் தானே எமன் என்று நினைத்துக்கொண்டு படுக்கிற வீட்டில் எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்? அன்று ராத்திரி அவள் அட்டவணையைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பாலகுரு முடிவாகச் சொன்னான். "சிவகாசிக்குப் போயிடறேன், அக்கா வீட்டுக்கு. அங்க மழை பெஞ்சா பட்டாசு நமுத்துப் போகும்னு வானத்துக்கே தெரியும். ஒரு வாரம் இருந்து பாக்கறோம். மேகம் கூட வந்தா, வரட்டும், அப்புறம் யோசிப்போம்." மங்கைக்கு அந்த வாரம் லீவு இல்லை. அதனால் அவள் இருப்பது, அப்பாவும் பிள்ளையும் போவது என்று ஆயிற்று.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோனது. தெருவே இடிந்து உட்கார்ந்தது. போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை, எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் புதன்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றபோது ஒரு வீட்டு மாடி பாக்கி இல்லாமல் ஜனம் ஏறி நின்றது, கடைசிக் குடத்தையும் நிரப்பி வைத்துக்கொண்டு, கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு மேகத்தையே பார்த்தது. மிருது ஆட்டோவில் ஏறியது. தலையை வெளியே நீட்டி மேகத்தைப் பார்த்து, "நீ வராதே, தயவுசெஞ்சு வராதே" என்று கைகூப்பிக் கும்பிட்டது. ஆட்டோ கிளம்பியது. முக்கு திரும்பியது. மறைந்தது. மேகம் அசையவில்லை.

தெரு கொண்டாடியதைச் சொல்லவா வேண்டும், விசில் என்ன, கைதட்டல் என்ன, மைதீன் அன்றைக்கு முதல் ஈடு பஜ்ஜியை எல்லோருக்கும் சும்மா கொடுத்தான். மங்கையும் சிரித்தாள். என் பிள்ளை இல்லை, என் பிள்ளையால் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டைப் பிடித்த மேகம், அவ்வளவுதான், வீட்டை விட்டுவிட்டால் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் மூன்று பேருமாக மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும் என்று மனசுக்குள் பாய் விரித்துவிட்டாள்.

அப்போது பாலகுரு போன் செய்தான். பஸ் இரைச்சலும் தெரு இரைச்சலும் சேர்ந்து ஒன்றும் கேட்கவில்லை. மங்கை போனைக் காதில் அழுத்திக்கொண்டு படியிறங்கி, தெருவில் நடந்து, சத்தம் இல்லாத முக்கு வரைக்கும் போனாள். "வெயில் நல்லா அடிக்குது, விசில் சுத்தமா இல்ல, ஜன்னலோரம் உக்காந்து பாட்டுப் பாடிட்டு வர்றா" என்றான் அவன். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பதினொன்றாம் நம்பர் மாடியில் பளீரென்று வெயில் அடித்தது. மேகம் அவள் தலைக்கு மேலே நின்றது.

மைதீனின் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டெல்பினம்மாள்தான் மெல்ல, யாரையும் நோகடிக்காத குரலில் சொன்னாள், "அப்ப இவியதானா."

மங்கை வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தாள். எல்லாம் அதிலேயே இருந்தது, அவள் கையாலேயே எழுதியிருந்தாள். ராமநாதபுரத்துக்கு அப்பாவும் பிள்ளையும் முன்னால் போனார்கள், இவள் ஒரு வேலையாக இரண்டு நாள் பிந்திப் போனாள், மழை இரண்டு நாள் பிந்தித்தான் ஆரம்பித்திருந்தது. மதுரையிலிருந்து இவள் ஒருநாள் சென்னைக்குப் போய்வந்தாள், அந்த ஒருநாள் மட்டும் மதுரையில் மழை இல்லை. ஊர் உண்டு, மாதம் உண்டு, காற்று உண்டு, கடல் உண்டு, முப்பது வருஷம் உண்டு, அந்த அட்டவணையில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அவள். மிருது பிறந்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை அடித்ததை, நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னதை நினைத்துக்கொண்டாள். ஏழு வருஷமாக அந்தப் பிள்ளையை மாரோடு அணைத்து அணைத்து, மூச்சு முட்டுகிறதே மூச்சு முட்டுகிறதே என்று இன்னும் இறுக்கி அணைத்தது யார்? மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். மாடியில் மழை வலுத்தது. கீழே யாரோ இன்னும் இரண்டு குடம் வை என்றார்கள்.

புருஷனிடம் சொன்னாள். அவன் போனை எடுத்துக்கொண்டு பிள்ளை காதில் விழாத தூரத்துக்குப் போனான். பிறகு, "நீ அங்கேயே இரு, கொஞ்ச நாளைக்கு" என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"மிருதுகிட்ட சொல்லிடாத. வீட்டோட மேகம்னே நினைச்சுக்கட்டும். அம்மாவாலதான் மூச்சு முட்டுச்சுன்னு அவளுக்குத் தெரியவே வேணாம்."

"நீ ஏன் வரலைன்னு கேட்டா?"

"ஆபீஸ்னு சொல்லு."

அன்று சாயங்காலம் வீடியோவில் மகளோடு ஒரு மணி நேரம் பேசினாள். மறுநாள் காலையில் பாலகுரு எழுதி அனுப்பினான், அக்கா வீட்டுத் துணிக்கொடிக்கு மேலே கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம், மிருதுவுக்கு லேசாக விசில். மங்கை படித்தாள். கிரெய்க்கின் ஊர் மழை ஞாபகம் வந்தது, எட்டுப் பேரும் சிரித்தது ஞாபகம் வந்தது, மைக்கைத் திறந்தபோதெல்லாம் அங்கே தூறியது புரிந்தது. அவள் போகிற இடத்துக்கு மட்டும் இல்லை, அவள் குரல் போகிற இடத்துக்கும் அது போகும். மூன்று நாள் பேசாமல் இருந்தாள், கைக்குட்டை கரைந்துபோனது. மனசு ஆறாமல் நாலாம் நாள் "கண்ணு, சாப்டியா" என்று ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அக்கா வீட்டுத் துளசிச்செடியின் மேல் மூன்று சொட்டு விழுந்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவள் அனுப்பவில்லை.

இப்போது தெரு அவளைத் தாங்குகிறது. வேளாவேளைக்கு ஒரு வீட்டிலிருந்து குழம்பு வருகிறது, ஒரு வீட்டிலிருந்து மீன் வருகிறது, துணி துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து தருகிறார்கள், அவள் வீட்டில் எதுவும் காயாதே. தண்ணீருக்கே மங்கை தண்ணி என்று பேர் வந்துவிட்டது. உப்பளத்துக்காரர்கள் ஒருநாள் மொத்தமாக வந்து, கனகமணியை முன்னால் விட்டு, பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். "யம்மா, தப்பா நெனைக்காதிய. கெழக்கே அந்தப் பாலத்தத் தாண்டி மட்டும் வந்திராதிய, எங்க பொழப்பு கரஞ்சிரும்." அவள் சரி என்றாள். மேற்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் நடந்தால் தெருவில் நாலு பேர் கூடவே நடக்கிறார்கள், ஊருக்கா போறிய, எப்ப வருவிய, வந்திருவியல்லா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அவளுக்குப் போக ஊர் ஏது? கிரெய்க்கின் ஊரில் புல் முளைத்திருக்கிறதாம், அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து, மீட்டிங்கை அரைமணி நேரம் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

சிவகாசியில் மிருதுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. விசில் இல்லை. மாஸ்க் இல்லை. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு யூனிஃபார்மோடு வந்து வீடியோவில் உட்காரும், அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லும், மங்கை பார்த்துக்கொண்டே இருப்பாள், தலையாட்டுவாள், வாயசைப்பாள்.

"அம்மா, மியூட்ல இருக்கே."

மங்கை பதறுகிற மாதிரி நடிப்பாள். போனுக்குப் பக்கத்தில் மேஜையை அமுக்குவாள், கையை விரிப்பாள், ஆகவில்லையே என்பாள் சத்தமில்லாமல்.

"கீழ சிவப்பா மைக் படம் இருக்கா? அதை ஒருவாட்டி அமுக்கும்மா. ஐயோ, அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலப்பா!" என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரித்தது முதல் மாதம். இரண்டாம் மாதம் சொல்லிக்கொடுத்தது. தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் படத்தோடு எழுதி கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டியது. பிறகு அதையும் விட்டுவிட்டது. புரட்டாசியில் ஒருநாள் பிள்ளை வந்து உட்கார்ந்து ரிப்பனைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் பாலகுரு எதற்கோ எழுந்து போனான். அவன் போகும்வரைக்கும் காத்திருந்த மாதிரி அது முகத்தைப் போனுக்கு ரொம்பக் கிட்டத்தில் கொண்டுவந்தது.

"அம்மா, ஆபீஸ்ல மட்டும் எப்படி மைக் ஆன் பண்றே? உனக்கு என்கூடப் பேசப் பிடிக்கலையா?"

மங்கையின் கட்டைவிரல் அந்தச் சிவப்புப் படத்தின் மேல் போய் நின்றது. திரையில் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சீராக, சத்தமில்லாமல், ஏழு வருஷம் அவள் பார்க்கக் கிடைக்காத மாதிரி. விரலை எடுத்துக்கொண்டாள். கண்ணு, என் கண்ணு, என் தங்கமே, பிடிக்காமல் இருக்குமா என்று வாய்விட்டு, தொண்டை கிழிய, மியூட்டில் கத்தினாள்.

"சரிம்மா, ஹோம்வொர்க் இருக்கு" என்று சொல்லிவிட்டு மிருது எழுந்து போனது.

கீழே டெல்பினம்மாளின் குரல் கேட்டது. "ஏட்டி, குடத்த எல்லாம் மேல ஏத்துங்க. மணி அஞ்சாயிட்டு, அவிய பிள்ளகூடப் பேசுதாவ, இந்தா இப்பக் கொட்டும்."

கொட்டியது. அன்றைக்குத் தெருவில் நிரம்பாத குடமே இல்லை.